டொக்டருக்குச் சொன்னது டீமோ அல்ல

அன்புள்ள கஜன்,

போன ஞாயிற்றுக்கிழமை நீ கேட்ட கேள்விக்கு என்னால் அந்த இடத்தில் பதில் சொல்ல முடியவில்லை. "மூண்டு வருசம் அம்மா. ஏன் சொல்லேல்ல?" என்று கேட்டாய். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் நானும் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பேன். பிறகு கார்ச் சாவியை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனாய். அப்பா யன்னலால் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, "விடும், அவன் வருவான்" என்றார். நீ வந்தாலும் வராவிட்டாலும் கேட்ட கேள்விக்கு ஒரு பதில் வேண்டும், அதனால் எழுதுகிறேன். தமிழில்தான் எழுதுகிறேன். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் எட்டாம் வகுப்பு வரை படித்த உனக்கு இதை எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும். அது நல்லது. இந்த ஜேர்மன் நாட்டு மொழியில், என் டொச்சில் எழுதினால் பிழைகளைத் தாண்டிப் பாய்ந்து முடிவுக்குப் போய்விடுவாய். தமிழில் ஒவ்வொரு சொல்லிலும் நின்று நின்றுதான் வரவேண்டும்.

உனக்கு நான் சொன்னது ஒரே ஒரு வசனம். மூன்று வருடங்களுக்கு முன் உன் தலையில் அடிபட்டதை மறைத்து நீ விளையாடப் போனபோது, அணி டொக்டருக்கு அதைச் சொல்லி உன்னை நிறுத்தியது உன் அணிச் சிநேகிதன் டீமோ இல்லை, நான். அதை ஏன் இப்போது சொன்னேன் என்றும் நீ யோசித்திருப்பாய். அதற்குக் காரணம் மதுரா. போன கிழமை கல்யாணச் சட்டைக்கு அளவு கொடுக்கப் பொன் நகரத்திலிருந்து வந்தவள், நடையில் மாட்டியிருக்கிற படத்துக்கு முன்னால் நின்றாள். நீயும் டீமோவும் சேறு பூசிய முகத்தோடு தலைக்கவசத்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு சிரிக்கிற படம். "மாமி, இவர்தானே கஜனைக் காட்டிக் குடுத்தவர்? பேந்து ஏன் இந்தப் படத்தைக் கழட்டாமல் வைச்சிருக்கிறியள்?" என்று கேட்டாள். அந்தப் பிள்ளை குத்திக் கேட்கவில்லை. உண்மையாகவே விளங்காமல் கேட்டாள். எனக்கு அடுப்படிக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நிற்கவேண்டியிருந்தது. நான் வாய் திறக்காததால் உண்டான ஒரு பொய், இரண்டு மாதத்தில் நீங்கள் குடிபோகப் போகிற வீட்டுக்குள்ளும் போய்விட்டது.

இதை விளங்கப்படுத்த உன் சின்ன வயதிலிருந்து தொடங்கவேண்டும். நீ பெரிய பிள்ளை. பத்து வயதில் பதினாலு வயதுச் சட்டை போட்டாய். எனக்கு அது வெட்கமாக இருந்தது. இதை நான் ஒருவரிடமும் சொன்னதில்லை. பிறந்தநாள் விழாக்களில் சனம் பார்க்கும்போது உன் தட்டிலிருந்து ஒரு கரண்டிச் சோற்றைத் திருப்பி எடுத்திருக்கிறேன். பிஸ்கட் பேணியை அலுமாரிக்கு மேலே ஒளித்திருக்கிறேன். "என்ன, மகன் நல்லாச் சாப்பிடுவான் போல" என்று ஆராவது சிரித்தால் நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன். நீ அதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தாய். காற்பந்து பழக அனுப்பினோம். ஓட ஏலாதென்று உன்னைக் கோல் கம்பத்துக்குள் நிறுத்தினார்கள். பிறகு பதினாலு வயதில் வகுப்புத் தோழன் ஒருவன் உன்னை ரைன் கரையோரம் அமெரிக்கன் ஃபுட்போல் பழகுகிற மைதானத்துக்குக் கூட்டிக்கொண்டு போனான். அங்கே இருந்த பயிற்சியாளர் உன்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "உன்னைப் போல ஒருத்தனைத்தான் தேடிக்கொண்டிருந்தனாங்கள்" என்றாராம். நீ வீட்டுக்கு வந்து அதை மூன்று தரம் சொன்னாய். நான் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தேன். பதினாலு வருடத்தில் அப்படி ஒரு வசனத்தை நான் உனக்குச் சொன்னதில்லையே என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

அந்த விளையாட்டு எனக்கு விளங்க நெடுங்காலம் எடுத்தது. முட்டை வடிவப் பந்து. ஐந்து செக்கன் விளையாடிவிட்டு அரை நிமிடம் நின்று கதைக்கிறார்கள். என் பிள்ளை மட்டும் பந்தைத் தொடுவதே இல்லை. உன் சாப்பாட்டைக் குறைத்த எனக்கு அதை விளங்கப்படுத்தியது டீமோ. உன்னோடு முதல் தரம் வீட்டுக்கு வந்த அன்று இடியப்பமும் சொதியும் மூன்று கோப்பை சாப்பிட்டுவிட்டு, மேசையில் இருந்த உப்புப் போத்தலை நடுவில் வைத்தான். அதுதான் பந்தை எறிகிறவனாம். அதற்கு முன்னால் ஐந்து கரண்டிகளை வரிசையாக அடுக்கினான். "நடுக்கரண்டி நான். எனக்கு இடப்பக்கம் கஜன். எதிர்ப்பக்கத்தார் உப்பைத் தட்டி விழுத்த வருவினம். நாங்கள் விடக்கூடாது" என்றான். அவன் டொச்சில் சொன்னதைத்தான் தமிழில் எழுதுகிறேன், "அம்மா" என்ற சொல் மட்டும் அவனே சொன்னது. "ஒலிபெருக்கியில எங்கட பேர் கேட்டால், நாங்கள் ஏதோ பிழை விட்டிட்டம் எண்டு அர்த்தம், அம்மா" என்றான். அதற்குப் பிறகு நான் மைதானத்துக்கு வந்தால் பந்தைப் பார்ப்பதில்லை. உங்கள் இரண்டு பேரின் முதுகையும்தான் பார்ப்பேன்.

பிறகு நீ ஆஹென் பல்கலைக்கழகத்துக்கு இயந்திரப் பொறியியல் படிக்கப் போனாய். இரண்டு செமஸ்டர். ஒரு நாள் வந்து, படிப்பை நிற்பாட்டிவிட்டேன், தெற்கே ஒரு அணி முழுநேர ஒப்பந்தம் தருகிறது, டீமோவும் வருகிறான் என்றாய். அப்பா மூன்று மாதம் உன்னோடு கதைக்கவில்லை. நான் கதைத்தேன். ஆனால் நான் செய்தது அதைவிட மோசம். நம் ஊர் டுசல்டோர்ஃபில் ஆர் கேட்டாலும் "மகன் ஆஹெனில படிக்கிறான்" என்றே சொன்னேன். நீ போலந்திலும் ஒஸ்திரியாவிலும் பல்லாயிரம் பேருக்கு முன்னால் விளையாடிக்கொண்டிருந்தாய். இங்கே நான் உன் இல்லாத பரீட்சைகளைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தேன். ஒரு தரம் உன்னைத் தொலைக்காட்சியில் பார்த்த ஒரு அண்ணை கோயிலில் வைத்து, "அக்கா, உங்கட பெடியனல்லோ?" என்று கேட்டபோதுகூட, "அது பொழுதுபோக்கு" என்றேன். உன் வேலை எப்படிப்பட்டதென்று எனக்குத் தெரியும். விடிய எழும்பிப் பாரம் தூக்கி, பத்துப் பேரோடு இருட்டறையில் இருந்து எதிரணியின் வீடியோ பார்த்து, விரல்களுக்குப் பிளாஸ்டர் சுற்றி, நூற்று முப்பது கிலோவிலிருந்து இறங்காமல் இருக்கப் பசியில்லாமலும் ஆறு நேரம் சாப்பிட்டாய். இடது மோதிர விரல் இரண்டு தரம் முறிந்து கோணலாகவே பொருந்தியது. இவ்வளவையும் பொழுதுபோக்கு என்று சொன்ன வாய் இது.

இருபத்தைந்து வயதில் அமெரிக்காவுக்குப் போனாய். ஒரு பெரிய அணியின் கோடை முகாம். தொண்ணூறு பேரைக் கூப்பிட்டுப் பழக்கி, பாதியைத் திருப்பி அனுப்புவார்களாம். நீ கடைசிக் கிழமை வரை நின்றாய். பிறகு ஒரு காலை, பாடமாக்கத் தந்த புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்கு வரச் சொன்னார்கள். புத்தகத்தைத் திருப்பிக் கேட்டால் அது முடிந்துவிட்டது என்று அர்த்தம். விமான நிலையத்தில் உன்னைக் கூட்டிவர நானும் டீமோவும்தான் வந்தோம். உன் பெட்டியை வாங்கிக்கொண்டு அவன், "அங்க சாப்பாடு சரியில்லைப் போல, மெலிஞ்சிட்டாய்" என்றான். நீ முதல் தரமாகச் சிரித்தாய். நான் ஆறுதல் சொல்லவேண்டுமென்று வழி முழுக்க வசனம் தேடிக்கொண்டு வந்திருந்தேன். ஒன்றும் தேவைப்படவில்லை. கல்யாணம் கட்டப் போகிறவனுக்கு இதைச் சொல்லி வைக்கிறேன்: தோற்றுப்போய் வருகிற ஆளுக்கு நல்ல வசனம் வேண்டாம். பெட்டியைத் தூக்க ஒரு ஆள் வேண்டும்.

இனி, மூன்று வருடங்களுக்கு முந்திய அந்தக் கோடை. சனிக்கிழமை விளையாட்டில் எதிரணிக்காரன் ஒருவனின் முழங்கால் உன் தலைக்கவசத்தில் பட்டது. நீ எழும்பி மற்ற அணியின் பக்கம் நடந்து போனதை நான் பார்த்தேன். டீமோ ஓடிவந்து தோளைப் பிடித்துத் திருப்பினான். மைதான ஓரத்தில் உன் நினைவைச் சோதிக்க ஐந்து சொற்கள் சொல்லித் திருப்பிச் சொல்லச் சொன்னார்கள். நீ சரியாகச் சொல்லிவிட்டாய். திங்கட்கிழமை வீட்டுக்கு வந்தாய். "அப்பா எங்க?" என்றாய். பின்னேர வேலை என்றேன். சோறு போட்டேன். கால் மணித்தியாலம் போகவில்லை, "அப்பா எங்க?" என்றாய். "இப்பதானேயப்பன் சொன்னனான்" என்றதும் ஒரு சிரிப்புச் சிரித்து, "பகிடிக்குக் கேட்டனான் அம்மா" என்றாய். கஜன், நான் பதினெட்டு வருடமாக மறதி வந்த முதியவர்களைப் பராமரிக்கிறேன். மறந்துவிட்டோம் என்று தெரிந்ததும் அவர்கள் சிரிக்கிற சிரிப்பு ஒன்று இருக்கிறது. கேட்கிறவரைச் சமாதானப்படுத்துகிற சிரிப்பு. அதை நான் உன் முகத்தில் பார்த்தேன். அடுப்படிக்குள் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தாய். குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு, சாப்பிட்டதையெல்லாம் சத்தி எடுத்தாய். குழாய்ச் சத்தத்துக்குள்ளும் எனக்குக் கேட்டது.

உன்னைக் கேட்டேன். காய்ச்சல் என்றாய். டீமோவுக்குத் தொலைபேசி எடுத்தேன். அவன் சொன்னான்: "அந்த அஞ்சு சொல்லையும் அவன் முதலே பாடமாக்கி வைச்சிருந்தவன், அம்மா. கன பேர் அப்படித்தான். டொக்டரிட்டச் சொல்லு எண்டு நான் ரெண்டு நாளாக் கெஞ்சிறன். வாற சனி அமெரிக்காவில இருந்து ஆக்கள் பாக்க வருகினம். அதுக்குப் பிறகு சொல்லுறன் எண்டு சத்தியம் பண்ணுறான்." "நீ டொக்டரிட்டச் சொல்லேல்லையோ?" என்று அவனைக் கேட்டேன். "சொன்னால் அவன் என்னை மன்னிக்கமாட்டான். சொல்லாட்டி நான் என்னை மன்னிக்கமாட்டன். நாளைக்குச் சொல்லத்தான் இருக்கிறன்" என்றான். "நீ பொறு, நான் சொல்லுறன்" என்று அவனைத் தடுத்தது நான்தான். அடுத்த நாள் காலை, வேலை இடைவேளையில், உடுப்பு மாற்றுகிற அறையில் நின்று அணி டொக்டரை அழைத்தேன். வேலையில் ஆள் மாறும்போது அறிக்கை சொல்வதுபோலவே சொன்னேன். இன்ன நேரம் இன்ன கேள்வியை இரண்டு தரம் கேட்டார். இன்ன நேரம் சத்தி எடுத்தார். வெளிச்சம் தாங்கவில்லை. உன்னை "அவர்" என்றுதான் சொன்னேன். மகன் என்று சொல்லியிருந்தால் அழுதிருப்பேன். அந்த டொக்டரம்மா கடைசியில், "யார் சொன்னதென்று நான் அவரிடம் சொல்லமாட்டேன்" என்றார். நான் கேட்காமலே தந்த வாக்கு அது. அதற்குள் நான் ஒளிந்துகொண்டேன்.

அதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரியும். திரும்பப் பரிசோதித்தார்கள். விளையாட விடவில்லை. அமெரிக்கர்கள் வந்து வேறொருவனைப் பார்த்துவிட்டுப் போனார்கள். அந்த வருடத்தில் அது உனக்கு மூன்றாவது அடி என்று அப்போதுதான் வெளியில் வந்தது. நரம்பு டொக்டர் இனி விளையாடவே கூடாது என்றார். ஆனால் நான் எழுதவேண்டியது நம் அடுப்படியில் நடந்ததை. டீமோ உன்னைப் பார்க்க வந்திருந்தான். நீ கதவோடு நின்று, "நீதானே சொன்னது? எனக்கும் உனக்கும் மட்டும்தான் தெரியும்" என்றாய். நான் இடியப்பத் தட்டுகளை ஆவியிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தேன். டீமோ உன்னைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தான். நான் சொல்வதற்கு அவன் நேரம் தந்தான். எவ்வளவு நேரமென்று தெரியாது, தட்டின் சூடு கைத்துணிக்குள்ளால் வந்து கையைச் சுடுகிற அளவு நேரம். நான் தட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவன் உன் பக்கம் திரும்பி, "ஓம், நான்தான்" என்றான். நீ கதவைத் திறந்துவிட்டாய். அவன் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு போனான். போகும்போதும் என்னிடம், "சுகமா இருங்கோ அம்மா" என்றுதான் சொன்னான். ஒன்பது வருடம் உனக்குப் பக்கத்தில் நின்று அடி வாங்கியவன் அன்றைக்கு எனக்காகவும் ஒன்றை வாங்கிக்கொண்டு போனான்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டாய். நீ அந்த மாதங்களில் திரைச்சீலையை மூடிக்கொண்டு கிடந்தாய். என் கையால் மட்டும்தான் சாப்பிட்டாய். என்னையும் நீ வெறுத்தால் உன்னை ஆர் பார்ப்பது என்று முதலில் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது கொஞ்சம் உண்மை. நீ எழும்பி நடமாடி, பிசியோதெரபிக்கு அவுஸ்பில்டுங் என்கிற தொழிற்படிப்பைத் தொடங்கிச் சிரிக்கப் பழகிய பிறகும் ஏன் சொல்லவில்லை என்பதற்கு அது பதில் இல்லை. நாங்கள் ஜேர்மனிக்கு வந்த காலத்தில், அகதி விண்ணப்பம் முடிவாகும்வரை, அலுவலகத்துக்குப் போகுமுன் அப்பா ஒவ்வொரு தரமும் சொல்வார்: "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லும். கேக்காததைச் சொல்லாதையும்." ஒரு சொல் பிழைத்தால் திருப்பி அனுப்பிவிடுவார்களென்ற பயம். அந்தப் பயம் ஐந்து வருடத்தில் போய்விட்டது. பழக்கம் போகவில்லை. உன் உடம்பைப் பற்றிச் சிரித்தவர்களுக்கு முன்னாலும், ஆஹெனைப் பற்றிக் கேட்டவர்களுக்கு முன்னாலும், டீமோவுக்கு முன்னாலும் அதே பழக்கம்தான். நீ என்னை நேரே கேட்கவில்லை, அதனால் நான் சொல்லவில்லை. இது சாட்டு இல்லை, என் கோணலை உனக்குக் காட்டுகிறேன், அவ்வளவுதான். மதுராவோடு வாழும்போது கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிற ஆளாக இராதே. அப்படிச் சொல்கிறவனிடம் கொஞ்சக் காலத்தில் ஒருவரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள்.

ஒன்றைத் தெளிவாக எழுதிவைக்கிறேன். டொக்டருக்குச் சொன்னதற்கு நான் மன்னிப்புக் கேட்கமாட்டேன். நாளைக்கும் அப்படியொரு திங்கட்கிழமை வந்தால் செவ்வாய்க்கிழமை தொலைபேசி எடுப்பேன். உன் கனவு எனக்குப் பெரிதில்லை என்று நினைக்காதே. அதைவிட என் பிள்ளை தன் தகப்பன் எங்கேயென்று நினைவில் வைத்திருப்பது பெரிது. ஆனால் அந்தப் பழியை டீமோவின் தலையில் விட்டுவிட்டு மூன்று வருடம் அவன் இல்லாத மேசையில் உனக்குச் சோறு போட்டேனே, அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். உன்னிடமும் அவனிடமும். தமிழ்ப் பள்ளி ஆண்டு மலருக்கு "விளையாட்டு வீரனின் தாய்" என்று ஒரு கட்டுரை கேட்டிருக்கிறார்கள். பெருமையாக எழுதப் பார்த்தேன், வரவில்லை. நீ சம்மதித்தால் இந்தக் கடிதத்தையே கொடுக்கிறேன். அந்த மைதான ஓரத்தில் இப்போது வேறு தாய்மார் இருக்கிறார்கள். சம்மதமில்லாவிட்டால் கிழித்துப் போடு.

இவ்வளவும் வியாழக்கிழமை எழுதினேன். இன்று ஞாயிறு. காலையில் டீமோ தொலைபேசி எடுத்தான். மூன்று வருடத்துக்குப் பிறகு அவன் குரல். நேற்று நீ அவனிடம் போனாயாம். அவன் வீடு மாறிக்கொண்டிருந்தானாம். நீ நேரே போய் உடுப்பு அலுமாரியின் மற்றப் பக்கத்தைப் பிடித்தாயாம். மூன்றாம் மாடி வரை தூக்கி வைத்துவிட்டுப் படியில் இருந்து, "நீ ஏன்டா பொய் சொன்னாய்?" என்று கேட்டாயாம். "நான் இல்லாட்டி உனக்கு ஒரு சிநேகிதன்தான் இல்லை. அம்மா இல்லாட்டி உனக்கு ஆர் இருக்கினம் எண்டு அந்த நேரம் யோசிச்சன். பேந்து திருத்தத் தெரியேல்ல" என்றானாம். நீ அழுதாயா என்று அவனிடம் கேட்டேன். "ரெண்டு பேருக்கும் வேர்த்திருந்தது, தெரியேல்ல அம்மா" என்றான். கல்யாணத்துக்கு வேட்டி கட்டவேண்டுமா என்றும் கேட்டான். கட்டவேண்டும் என்றேன். நான் அவனிடம் மன்னிப்புக் கேட்கத் தொடங்கியபோது, அதை நேரில் வந்து கேளுங்கோ, வெறுங்கையோடு வரவேண்டாம், இடியப்பத்தோடு வாங்கோ என்று சொல்லிவிட்டுத் தொலைபேசியை வைத்தான்.

நீ என்னை அழைக்கவில்லை. ஆனால் மத்தியானம் உன் செய்தி வந்தது. டொச்சில் மூன்று வரி. "செவ்வாய் பத்தரைக்கு நரம்பு டொக்டரைப் பாக்க டெர்மின் இருக்கு. ஒவ்வொரு வருசமும் தனியத்தான் போறனான். இந்த முறை நீங்களும் வாறீங்களோ?" நான் அதை அப்பாவுக்கு இரண்டு தரம் வாசித்துக் காட்டினேன். பிறகு, வாறன் என்று எழுதினேன். செவ்வாய்க்கிழமை வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டேன். பத்து மணிக்கே வந்து வாசலில் நிற்பேன். அங்கே வைத்து இந்தக் கடிதத்தைத் தருகிறேன், வீட்டுக்குப் போய் ஆறுதலாக வாசி. உள்ளே போகுமுன் வாயாலும் இதைச் சொல்வேன்: டொக்டர் கேட்பதற்கெல்லாம் நீயே பதில் சொல். உனக்கு நினைவில்லாததை மட்டும் நான் சொல்கிறேன். அதுவும் நீ என் பக்கம் திரும்பிப் பார்த்தால்.

அம்மா